கொண்டல் கொண்டு வரும் மீன்

நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தென்றலும் வாடையும் பாட்டிலாவது இன்னும் வாழ்கின்றன. கோடை என்றால் இன்று வெயில் காலம் என்றுதான் பொருள் கொள்கிறோம். கொண்டலை ஏறக்குறைய மறந்தே விட்டோம்.

இந்த வாரம் அந்த மறந்துபோன பெயர்கள் இரண்டும் நமக்குத் தேவைப்படுகின்றன. பூமியின் வடகோடியில், வட அமெரிக்காவின் ஆர்க்டிக் கரையில் ஒரு மீன் இருக்கிறது. கொண்டல் காற்று போதுமான அளவு வீசிய ஆண்டில் அதன் குஞ்சுகள் ஓர் ஆற்றுக்கு வந்து சேரும். வீசாத ஆண்டில் வந்து சேராது. குஞ்சு வரவில்லை என்பது அந்த ஆற்றங்கரை மக்களின் வலையில் தெரிவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தக் கரையில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டிருக்கும், சாலைகள் போடப்பட்டிருக்கும். அப்போது வலை வெறுமையாக வந்தால் யாரைக் குற்றம் சொல்வது? இன்றைய எண்ணெய்க் கிணற்றையா, ஆறு ஆண்டுக்கு முன் வீசாத காற்றையா?

இது வெறும் மீன் கதையல்ல. ஒரு விளைவுக்கு எது காரணம் என்று அறிவியல் எப்படித் தேடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

சால்மனுக்குச் சொந்தக்காரன்

மீனின் பெயர் ஆர்க்டிக் சிஸ்கோ. அறிவியல் பெயர் கொரிகோனஸ் ஆட்டம்னாலிஸ். பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையாளர் 1776இல் இதற்குப் பெயர் சூட்டினார். ஆட்டம்னாலிஸ் என்றால் 'இலையுதிர் காலத்துக்குரியது' என்று பொருள்.

பேரங்காடியில் நாம் வாங்கும் சால்மனுக்கு இது உறவு. சால்மன் குடும்பத்திலேயே 'வெண்மீன்கள்' என்றொரு கிளை இருக்கிறது. அந்தக் கிளையில் பிறந்தது இது. உடல் வெள்ளி நிறம், வாய் சிறியது, பல் இல்லை என்றே சொல்லலாம். நன்றாக வளர்ந்த மீன் முழங்கை நீளம் இருக்கும், ஒரு கிலோ எடையைத் தாண்டுவது அபூர்வம். கடலில் மிதக்கும் நுண்ணிய இறால் போன்ற உயிரிகளைத் தின்று வாழும். சைபீரியாவின் பெரிய ஆறுகள் சிலவற்றிலும் இதே மீன் உண்டு. அங்கே இதை 'ஓமுல்' என்பார்கள். பைக்கால் ஏரியின் புகழ்பெற்ற ஓமுலும் இதே இனம்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். மரபணுவைப் படித்த பிறகு அது தனி இனம் என்று தெரிந்தது.

அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனூபியாட் மக்கள் ஆர்க்டிக் சிஸ்கோவைக் 'காக்தாக்' என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கு இது குளிர்காலச் சோறு மாதிரி.

பனிக்கு அடியில் வலை

நுயிக்சுட் என்ற சிற்றூர் வட அட்சரேகை 70 பாகையில், கோல்வில் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. முன்னோர் வாழ்ந்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று 1973இல் 27 இனூபியாட் குடும்பங்கள் வந்து, கூடாரம் அடித்துத் தங்கி, இந்த ஊரை மறுபடி உருவாக்கின. இன்று ஏறக்குறைய 500 பேர் வாழ்கிறார்கள்.

அக்டோபரில் ஆறு உறையத் தொடங்கும். ஆள் நிற்கும் அளவுக்குப் பனிக்கட்டி கெட்டியானதும் வேலை ஆரம்பம். கட்டியில் வரிசையாகத் துளை போடுவார்கள். ஒரு துளையில் கயிற்றை விட்டு அடுத்த துளையில் எடுத்து, அப்படியே பனிக்கு அடியில் வலையைக் குறுக்காக நிறுத்துவார்கள். பிறகு அடிக்கடி போய், புதிதாக மூடிக்கொண்ட பனியை உடைத்து வலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்துப் பிடிப்புதான் முக்கியம். அதன் பிறகு சூரியன் பல வாரங்களுக்கு எழுவதே இல்லை.

பிடித்த மீன் வெளியே போட்ட சில நிமிடங்களில் கல்லாக உறைந்துவிடும். அதைச் சமைக்காமல், உறைந்த நிலையிலேயே சீவி, கடல்நாய் எண்ணெயில் தொட்டுச் சாப்பிடுவது அவர்களுடைய வழக்கம். கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் அந்தக் குளிருக்கு உடம்பு கேட்கும் உணவு அது. முதியவர்களுக்கும் வெளியூர் உறவினர்களுக்கும் பங்கு போகும். கடைச் சாமான்கள் விமானத்தில் வந்து இறங்கி, யானை விலை விற்கும் ஊரில், ஒரு மூட்டை மீன் என்பது சம்பளத்துக்குச் சமம்.

முட்டையே இல்லாத ஆறு

இப்போது புதிருக்கு வருவோம். கோல்வில் ஆற்றில் ஆயிரக்கணக்கில் ஆர்க்டிக் சிஸ்கோ பிடிபடுகிறது. ஆனால் முட்டையிடத் தயாரான தாய்மீன் அங்கே கிடைப்பதில்லை. முட்டையிடும் இடமும் இல்லை. ஏழு, எட்டு வயதாகி முதிர்ச்சி அடையும் நேரத்தில் மீன்கள் ஆற்றைவிட்டுக் காணாமல் போய்விடுகின்றன. அப்படியானால் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன?

இன்னொரு விந்தையும் இருந்தது. சில வயதுக் கூட்டம் வலையில் நிறையக் கிடைத்தது. சில வயதுக் கூட்டம் அடியோடு இல்லை. ஒரு பள்ளியில் மூன்றாம் படிவத்தில் ஐந்து வகுப்புகள், நான்காம் படிவத்தில் ஒரு வகுப்பும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது மீன் கணக்கு.

1983இல் பென்னி கேலவேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இந்த மீன்கள் அலாஸ்காவில் பிறந்தவையே அல்ல, பக்கத்து நாடான கனடாவில் மெக்கன்சி ஆற்றில் பிறந்தவை என்றார்கள்.

மெக்கன்சி கனடாவின் மிக நீளமான ஆறு. அதன் கழிமுகத்துக்கும் கோல்வில் கழிமுகத்துக்கும் இடையே கடற்கரை வழியாக 550 கிலோமீட்டருக்குக் குறையாது. ஜோகூர் பாருவில் புறப்பட்டு ஈப்போவையும் தாண்டிப் போகும் தூரம். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு அவ்வளவு தூரம் எப்படிப் போகும்?

காற்றில் ஏறிய குஞ்சுகள்

தாய்மீன்கள் இலையுதிர் காலத்தில் மெக்கன்சியின் கிளையாறுகளுக்குள் ஏறிச் சென்று முட்டையிடுகின்றன. பீல் ஆறு அவற்றில் ஒன்று. கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதும் இல்லை. கூழாங்கற்களுக்கு மேல் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் கிடந்து, வசந்தத்தில் பொரிக்கும். அந்த நேரத்தில் ஆற்றின் பனி உடைந்து பெருவெள்ளம் வரும். கண் திறந்த குஞ்சுகளை அந்த வெள்ளம் அப்படியே வாரிக்கொண்டு போய்க் கடலில் விடும்.

வெயில் காலத்தில் இந்தக் கடற்கரையை ஒட்டி ஒரு நீர்ப்பட்டை உருவாகிறது. ஆறுகள் கொண்டு வரும் நன்னீர் கடல்நீரோடு கலப்பதால் உப்பு குறைவு. வெயில் படுவதால் 5 முதல் 10 பாகை செல்சியஸ் வரை சூடு. அந்தப் பட்டைக்கு வெளியே உறைநிலையை ஒட்டிய உப்புக் கடல். குஞ்சுகளுக்கு இந்தக் கரையோரப் பட்டைதான் சாலை. சாலையில் ஓடும் வண்டி, காற்று.

காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பெயர் வைப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. காற்றை அது வரும் திசையால் அழைக்கிறோம். நீரோட்டத்தை அது போகும் திசையால் அழைக்கிறோம். ஆகவே கிழக்குக் காற்று மேற்கு நீரோட்டத்தை உண்டாக்கும். கொண்டல் வீசினால் கரையோர நீர் மெக்கன்சியிலிருந்து கோல்வில் பக்கம் நகரும்.

எவ்வளவு வேகமாக? ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதம் கடலின் மேற்பரப்பு நீருக்குக் கிடைக்கும் என்பது பொதுவான கணிப்பு. வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், நீர் வினாடிக்கு 0.15 மீட்டர் நகரும். ஒரு நாளில் 86,400 வினாடி. பெருக்கினால் நாளுக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 550 கிலோமீட்டருக்கு 42 நாள்.

ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதத்தை 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கடல் மறுபடி உறையத் தொடங்கிவிடும். அந்த 60 நாளில் 52 நாள் கொண்டலும் 8 நாள் கோடையும் அதே வேகத்தில் வீசினால், எதிர்த்துப் போனதைக் கழித்து மிச்சம் 44 நாள் மேற்கு நோக்கிய பயணம். 572 கிலோமீட்டர். குஞ்சு ஊர் சேர்ந்துவிடும். கொண்டல் 45 நாள், கோடை 15 நாள் என்றால்? மிச்சம் 30 நாள், 390 கிலோமீட்டர். நடுவழியில் குளிர் பிடித்துக்கொள்ளும். ஒரு வார காலக் காற்று திசை மாறியதில் ஓர் ஆண்டின் பிள்ளைகளே இல்லாமல் போகிறார்கள்.

குஞ்சுகள் தாமும் நீந்தும், நீரோட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் இது மிக எளிமையான கணக்குத்தான். ஆனால் அடிப்படை இதுவே. 1988இல் ராபர்ட் ஃபெக்ஹெல்மும் டேவிட் ஃபிஸ்ஸலும் உண்மையான காற்றுப் பதிவுகளையும் மீன் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிழக்குக் காற்று ஓங்கிய ஆண்டுகளில் குஞ்சு வரவு மிகுந்திருந்தது. அது தளர்ந்த ஆண்டுகளில் வரவு இல்லை.

காற்றின் திசை இப்படி ஒரு வட்டாரத்தின் தலைவிதியை எழுதுவது நமக்கும் புதிதல்ல. ஆண்டின் நடுவில் தென்மேற்குக் காற்று சுமத்ராவின் புகையை நம் பக்கம் தள்ளும்போது பள்ளிகளை மூட வேண்டி வருகிறதே, அதே கணக்குத்தான்.

இந்தக் கடலின் பெயரும் பொருத்தமாக அமைந்துவிட்டது. போஃபர்ட் கடல் என்பது அதன் பெயர். காற்றின் வேகத்தை அளக்க இன்றும் மாலுமிகள் பயன்படுத்தும் போஃபர்ட் அளவுமுறையை 1805இல் வகுத்த சர் பிரான்சிஸ் போஃபர்ட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். சபாவில் உள்ள போஃபர்ட் பட்டணம் வேறொரு போஃபர்ட்டின் பெயரில் அமைந்தது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாதி வழியில் இறங்க முடியாது

வழியில் எத்தனையோ சிற்றாறுகள் இருக்கின்றனவே, குஞ்சுகள் அங்கேயே தங்கிவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

மீனின் இரத்தம் சுமார் -0.7 பாகை செல்சியஸில் உறையும். ஆனால் உப்பு மிகுந்த கடல்நீர் -1.8 பாகை வரை திரவமாகவே இருக்கும். அதாவது குளிர்காலக் கடலில் நீர் உறையும் முன்பே மீன் உறைந்துவிடும். சில துருவ மீன்கள் இரத்தத்தில் உறைவைத் தடுக்கும் புரதத்தை வைத்துக்கொண்டு தப்பிக்கின்றன. நம் சிஸ்கோவிடம் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே குளிர்காலத்துக்கு முன் அது கடலைவிட்டு வெளியேறியே ஆக வேண்டும்.

எங்கே போவது? இந்தக் கரையில் குளிர்காலப் பனிக்கட்டி 2 மீட்டர் தடிக்கும். ஆழமில்லாத சிற்றாறுகள் அடிமட்டம் வரை கட்டியாகிவிடும். பனி அடியைத் தொடாத அளவுக்கு ஆழமான வாய்க்கால்கள் நிறைய உள்ள இடம், அலாஸ்காவின் வடகரையிலேயே பெரிய ஆறான கோல்விலின் கழிமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து நிற்கும் அந்த வாய்க்கால்களில்தான் மீன்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வெயில் காலத்தில் கரையோரம் மேய்வதும், பனிக்காலத்தில் கழிமுகத்துக்குத் திரும்புவதுமாக ஏழெட்டு ஆண்டு ஓடும். பிறகு ஒரு வெயில் காலத்தில், பெரிய மீன்களாக, காற்றின் தயவு இல்லாமலே, வந்த வழியே கிழக்கு நோக்கி நீந்திப் பிறந்த ஆற்றுக்குப் போய்விடுகின்றன.

காதுக்குள் ஒரு நாட்குறிப்பு

காற்றும் மீனும் ஒன்றாக ஏறி இறங்கின என்பது ஒரு பொருத்தம். பொருத்தம் மட்டும் சான்றாகிவிடாது. ஐஸ்கிரீம் விற்பனையும் வெயில் கொப்புளமும் ஒன்றாகக் கூடலாம், ஐஸ்கிரீமால் கொப்புளம் வருவதில்லை. ஆகவே வேறு வேறு வழிகளில் சான்று தேடினார்கள்.

அலாஸ்காக் கரையில் அடையாளச் சீட்டு மாட்டி விடப்பட்ட மீன்கள் மெக்கன்சிப் பக்கம் பிடிபட்டன. இது ஒரு சான்று. கோல்வில் மீன்களின் டிஎன்ஏ மெக்கன்சி மீன்களின் டிஎன்ஏவோடு ஒத்துப்போனது. இது இரண்டாவது.

மூன்றாவது சான்றை நீங்களே சமையலறையில் தொட்டுப் பார்த்திருக்கலாம். கெலாமா என்று நாம் சந்தையில் வாங்கும் கத்தாளை மீனின் தலையைக் கடித்தால் வெள்ளையாக இரண்டு கற்கள் பல்லில் மாட்டும். அவை மீனின் செவிக்கற்கள். உடலைச் சமநிலையில் வைக்கவும் ஒலியை உணரவும் உதவுபவை. எலும்புள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் அவை உண்டு. மீன் வளர வளரக் கல்லின் மேல் புதிய அடுக்கு படியும். வெயில் காலத்தில் அகலமான அடுக்கு, குளிர்காலத்தில் குறுகிய அடுக்கு. மரத்தின் ஆண்டு வளையம் போலவே எண்ணி வயதைச் சொல்லிவிடலாம்.

அதோடு முடியவில்லை. கடல்நீரில் ஸ்ட்ரோன்ஷியம் என்ற தனிமம் பொதுவாக ஆற்று நீரைவிட அதிகம். மீன் கடலில் இருந்த காலத்து அடுக்கில் அது கூடுதலாகவும், ஆற்றில் இருந்த காலத்து அடுக்கில் குறைவாகவும் பதியும். கல்லை மெல்லியதாகத் தேய்த்து, நடுவிலிருந்து விளிம்பு வரை அளந்தால், எந்த வயதில் ஆற்றில், எந்த வயதில் கடலில் என்று மீனின் வாழ்க்கையையே வாசிக்கலாம். அடுக்கின் அகலத்திலிருந்து, எந்த ஆண்டில் நன்றாகத் தின்று வளர்ந்தது என்பதும் தெரியும்.

கடலுக்குள் நீண்ட கல் சாலை

மீன் ஆராய்ச்சிக்கு இந்தக் குளிர் நாட்டில் இத்தனை ஆள், இத்தனை பணம் எங்கிருந்து வந்தது? எண்ணெயிலிருந்துதான். கோல்விலுக்குக் கிழக்கே புருடோ வளைகுடாவில் 1968இல் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1977இல் குழாய் வழியே எண்ணெய் தெற்கே ஓடத் தொடங்கியது.

கரையோரக் கடல் அங்கே ஆழமில்லாதது. கப்பல் கரைக்கு வர முடியாது. ஆகவே கற்களைக் கொட்டிக் கடலுக்குள் சாலை நீட்டினார்கள். 1970களின் நடுவில் தொடங்கி வெஸ்ட் டாக் என்ற சாலை கட்டம் கட்டமாகச் சுமார் 4 கிலோமீட்டர் வரை நீண்டது. 1985இல் எண்டிகாட் எண்ணெய் வயலுக்காக, இன்னும் நீளமான இரண்டாவது சாலை.

நம் ஜோகூர் கடற்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் பாலம். 1924 முதல் அது கடலுக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு கல் அணை. இந்தப் பக்கத்து நீர் அந்தப் பக்கம் தாராளமாகப் போக முடியாது. அலாஸ்காவின் கல் சாலைகளும் அப்படித்தான், குஞ்சுகள் வரும் அந்த மெல்லிய கரையோர நீர்ப்பட்டைக்குக் குறுக்கே நின்றன. கொண்டல் வீசும்போது சூடான நீர் சாலையில் மோதி ஆழ்கடல் பக்கம் விலகியது. சாலையின் மறுபக்கத்தில், அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த உப்பு நீர் மேலே வந்தது. சிறிய மீன்களுக்கு அது சுவர் மாதிரி.

இனூபியாட் மக்கள் எதிர்த்தார்கள். அரசு அமைப்புகளும் கேள்வி கேட்டன. தண்ணீர் போக சாலையில் இடைவெளி விட வேண்டும், எத்தனை, எவ்வளவு அகலம் என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் 1990களில் இரண்டு சாலைகளையும் சில இடங்களில் உடைத்து, நீர் போகக் கூடுதல் வழி விட்டு, மேலே பாலம் போட்டார்கள். அந்த வாதத்துக்குத் தேவைப்பட்ட அளவீடுகளிலிருந்துதான் மேலே சொன்ன அறிவில் பெரும்பகுதி வந்தது.

வலை வெறுமையான ஆண்டுகள்

2000ஆம் ஆண்டில் நுயிக்சுட்டுக்கு மிக அருகே, கழிமுகத்திலேயே, ஆல்பைன் எண்ணெய் வயல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் காக்தாக் பிடிப்பு சரிந்தது. ஊர் மக்கள் என்ன நினைப்பார்கள்? நீங்களும் நானும் என்ன நினைப்போமோ அதையேதான். கிணறு வந்தது, மீன் போனது.

அமெரிக்க அரசின் கடல்சார் கனிம நிர்வாகத்தின் செலவில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஆய்வாளர்கள் மட்டும் உட்காரவில்லை. ஊரின் மூத்த மீனவர்களும் ஒரு குழுவாக உட்கார்ந்தார்கள். தங்கள் வாழ்நாளில் மீன் ஏறி இறங்கிய ஆண்டுகள், காற்று, பனி, வாய்க்கால்களின் ஆழம் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். இன்னொரு பொக்கிஷமும் கைகொடுத்தது. கழிமுகத்தில் வணிகத்துக்காக மீன் பிடித்து வந்த ஒரு குடும்பம், 1960களின் பிற்பகுதியிலிருந்தே எத்தனை வலை, எத்தனை மீன் என்று எழுதி வைத்திருந்தது. ஊர் மக்களின் பிடிப்பும் 1980களின் நடுவிலிருந்து கணக்கெடுக்கப்பட்டு வந்தது.

இந்த நீண்ட கணக்கு இல்லாவிட்டால் எதையும் சொல்லியிருக்க முடியாது. எண்ணெய் வருவதற்கு முன்பும் பிடிப்பு பலமுறை விழுந்து எழுந்திருக்கிறது என்று அது காட்டியது. பிடிபடும் மீன்களில் பெரும்பாலானவை ஐந்து முதல் ஏழு வயதானவை. ஆகவே மீன் குறைந்த ஆண்டிலிருந்து அத்தனை ஆண்டு பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்றத்தாழ்வுக்கு முதன்மைக் காரணம், குஞ்சுகள் வரவேண்டிய காலத்துக் காற்று என்பதே ஆய்வுகள் சுட்டும் முடிவு.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'காற்றுதான் முதன்மைக் காரணம்' என்பது ஒரு வாக்கியம். 'எண்ணெயால் பாதிப்பே இல்லை' என்பது வேறொரு வாக்கியம். முதலாவது உண்மை என்பதால் இரண்டாவது தானாக உண்மையாகிவிடாது. ஏற்றத்தாழ்வு இவ்வளவு பெரியதாக இருக்கும்போது, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய பாதிப்பைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சத்தம் மிகுந்த சந்தையில் ஒருவர் முனகுவது காதில் விழாது. விழவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகாது. எண்ணெய் நிறுவனம் முதல் வாக்கியத்தைக் காட்டி இரண்டாவதை விற்கலாம். ஊர்க்காரர்கள் கோபத்தில் முதல் வாக்கியத்தையே மறுக்கலாம். இரண்டு வாக்கியத்தையும் தனித்தனியே நிறுத்திப் பார்ப்பதுதான் அறிவியல் கற்றவரின் வேலை.

கோடைக்கும் ஒரு பங்கு

மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த இன்னொரு செய்தியும் ஆய்வில் உறுதியானது. வலை போடும் இலையுதிர் காலத்தில் மேற்குக் காற்று வீசினால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பார்கள்.

காரணம் பூமியின் சுழற்சியில் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் நீர் வலப்பக்கமாக விலகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊர்க் கடலில் இந்த விலகல் மிகச் சிறியது. துருவத்தை நெருங்க நெருங்கப் பெரிதாகும். அலாஸ்காவின் வடகரையில் நின்று மேற்குக் காற்றை நினைத்துப் பாருங்கள். நீர் கிழக்கே நகர்கிறது. அதன் வலப்பக்கம் தெற்கு, அதாவது கரை. கடல்நீர் கரையில் குவிந்து, கழிமுக வாய்க்கால்களுக்குள் ஏறுகிறது. உப்பு ஏறிய வாய்க்காலைத்தான் காக்தாக் விரும்பும். நன்னீர் மட்டும் நிற்கும் இடத்துக்கு அது வராது. எனவே உப்பு எங்கே ஏறுகிறதோ அங்கே வலை நிரம்பும்.

ஆக, குஞ்சைக் கொண்டு வருவது கொண்டல். வளர்ந்த மீனை வலைக்குள் அனுப்புவது கோடை.

இரு நாட்டுப் பிள்ளை

இந்த மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் அலாஸ்காவை மட்டும் பார்த்தால் போதாது. தொட்டில் கனடாவில், பள்ளிக்கூடம் அமெரிக்காவில், வரும் வழி இரண்டுக்கும் பொதுவான கடலில். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் நுயிக்சுட்டின் வலை வெறுமையாகும்.

தொட்டிலைப் பற்றி நல்ல செய்தி ஒன்று உண்டு. முட்டையிடும் கிளையாறுகளில் ஒன்றான பீல் ஆற்றின் படுகை, ஏறக்குறைய 67,000 சதுர கிலோமீட்டர். அதாவது தீபகற்ப மலேசியாவில் பாதி. அங்கே சுரங்கத்துக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு நிலம் திறப்பது என்ற வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. யூக்கோன் அரசு தன் விருப்பப்படி திட்டத்தை மாற்றியது தவறு என்று 2017இல் தீர்ப்பு வந்தது. பூர்வகுடி மக்களோடு சேர்ந்து 2019இல் நிறைவேறிய திட்டத்தில் படுகையின் 83 சதவீதத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் நுயிக்சுட்டின் வலையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்கும் சேர்த்தே வாதாடியிருக்கிறார்கள்.

மறுபக்கத்தில், கோல்வில் வட்டாரத்தில் எண்ணெய் வேலை நிற்கவில்லை. நுயிக்சுட்டுக்கு மேற்கே வில்லோ என்ற பெரிய எண்ணெய்த் திட்டத்துக்கு 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கடலும் மாறுகிறது. ஆர்க்டிக் பனி முன்பைவிடச் சீக்கிரம் விலகி, தாமதமாக உறைகிறது. சூடான நீரில் குஞ்சுகள் வேகமாக வளரலாம், பயணத்துக்கு நாளும் கூடலாம். ஆனால் காற்றின் போக்கும் சேர்ந்து மாறினால் அந்த லாபம் கைக்கு வராது. ஆற்றில் பனி கெட்டியாகத் தாமதமானால் வலை போடும் நாள்களும் குறையும்.

இந்த ஆண்டு அக்டோபரில் நுயிக்சுட்டில் ஒருவர் பனியைத் துளைத்து இழுக்கப்போகும் மீனை எண்ணிப் பாருங்கள். அது ஆறு வயது மீன் என்றால், கொண்டலில் ஏறி அந்த ஆற்றுக்கு வந்தபோது, இன்று முதலாம் படிவத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டு வீசிய காற்றில் எத்தனை குஞ்சுகள் வந்து சேர்ந்தன என்பதற்கு ஊரின் வலை பதில் சொல்லும்போது, அதே பிள்ளைகள் பள்ளியை முடித்திருப்பார்கள். அதுவரை யாராவது ஒருவர் காற்றையும் மீனையும் ஆண்டு தவறாமல் எழுதி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.